மஞ்சளா இருந்தா போதுமா? சார்ஜ் டிரான்ஸ்ஃபர் படிகமும் பச்சை வெளிச்சமும்



போன பொங்கல் லீவுல எங்க பெரியம்மா பொண்ணு வீட்டுக்கு வந்திருந்தாங்க. நாமக்கல் பக்கம் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல எம்.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். கைப்பையிலிருந்து பஞ்சு சுத்தின ஒரு குட்டி பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. உள்ளே கற்கண்டுத் துண்டு மாதிரி, ஆனா பளிச்சென்ற மஞ்சளில் நாலு படிகம்.

"புராஜெக்ட்டுடா. பாரா நைட்ரோஅனிலினையும் டார்டாரிக் அமிலத்தையும் கலந்து நானே வளர்த்தது. இதுல இன்ஃப்ராரெட் லேசர் அடிச்சா பச்சையா வெளிச்சம் வரும். வந்தா ஒரு பேப்பர் போடலாம்னு சார் சொல்லியிருக்கார்."

நான் ஈசிஇ. எனக்கு உடனே இரண்டு சந்தேகம். கண்ணுக்கே தெரியாத இன்ஃப்ராரெட்டை உள்ளே அனுப்பினா பச்சை எப்படி வெளியே வரும்? அது இந்த மஞ்சள் படிகத்துக்கு மட்டும் எப்படி முடியும்? அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில் அக்கா சொல்லித் தந்ததும், அப்புறம் நானா தேடிப் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை. அக்காவோட படிகம் என்ன ஆச்சுன்னு கடைசியில் சொல்றேன். அதுல நம்ம எல்லாருக்கும் ஒரு பாடம் இருக்கு.

உங்க கையிலேயே இருக்கு

செமினார் ஹால்ல ஸ்லைடைக் காட்ட நாம பிடிக்கிற பச்சை லேசர் பாயின்ட்டரை எடுத்துக்கோங்க. அதில் 532 நானோமீட்டர் என்று எழுதியிருந்தால், உள்ளே நடப்பது ஒரு தொடர் ஓட்டம். முதலில் ஒரு டையோடு 808 நானோமீட்டர் ஒளியைத் தருகிறது. அது நியோடிமியம் கலந்த ஒரு குட்டிப் படிகத்தைத் தூண்டுகிறது. அந்தப் படிகம் 1064 நானோமீட்டரில் லேசர் தருகிறது. இது இன்ஃப்ராரெட், கண்ணுக்குத் தெரியாது. கடைசியில் கேடிபி என்கிற இன்னொரு படிகம் அந்த 1064-ஐச் சரிபாதியாக்கி 532 ஆக்குகிறது. அதுதான் நாம பார்க்கிற பச்சை.

அலைநீளம் பாதி என்றால் அதிர்வெண் இரட்டிப்பு. ஃபோட்டான் கணக்கில் சொன்னால், 1.165 எலக்ட்ரான் வோல்ட் உள்ள இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து 2.33 எலக்ட்ரான் வோல்ட் உள்ள ஒரே ஃபோட்டானாக வெளியே வருகின்றன. இதற்குப் பெயர் செகண்ட் ஹார்மோனிக் ஜெனரேஷன். சுருக்கமா எஸ்எச்ஜி.

இதை முதலில் செய்து காட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஃபிராங்கன். 1960-ல் தியோடர் மைமன் முதல் ரூபி லேசரை இயக்கினார். அடுத்த வருஷமே, 1961-ல், ஃபிராங்கன் குழு ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்துக்குள் அனுப்பி, 347.2 நானோமீட்டரில் புற ஊதா ஒளியைப் பிடித்தது. ஃபோட்டோ பிளேட்டில் அது ஒரு சின்னப் புள்ளியாக விழுந்தது. கட்டுரை அச்சாகி வந்தபோது அந்தப் புள்ளியையே காணோம். அழுக்கு என்று நினைத்து அச்சுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டார்களாம்! ஆப்டிக்ஸ் வகுப்புகளில் இன்னைக்கும் சொல்லப்படும் கதை இது. நிஜமான சிக்னலை அழுக்கு என்று நினைத்தது அந்தக் காலம். அழுக்கை நிஜ சிக்னல் என்று நினைப்பதும் நடக்கும். அதுக்குப் பின்னாடி வர்றேன்.

சங்ககிரி லாரி ஸ்பிரிங்

'நான்லீனியர்' என்றால் என்ன? நம்ம ஊர்ல இதை விளக்க லாரியை விட நல்ல உதாரணம் கிடைக்காது. லாரியின் பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக ஸ்பிரிங் பட்டைகள் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. கொஞ்சம் லோடு ஏற்றினால் கொஞ்சம் இறங்கும். இரண்டு மடங்கு ஏற்றினால் இரண்டு மடங்கு இறங்கும். இதுதான் லீனியர். லோடு ஒரு அளவைத் தாண்டினால் மேலே இருக்கிற ஹெல்ப்பர் ஸ்பிரிங்கும் முட்டுக்கொடுக்கும். அதுக்கப்புறம் இரண்டு மடங்கு லோடுக்கு இரண்டு மடங்கு இறக்கம் கிடையாது. கணக்கு வளைந்துவிடும்.

இன்னொன்றையும் கவனிங்க. ஹெல்ப்பர் ஸ்பிரிங் வேலை செய்வது வண்டி கீழே அமுங்கும்போது மட்டும்தான். குழியில் குதித்து வண்டி மேலே எழும்பும்போது அது சும்மா இருக்கும். கீழே போவதற்கு ஒரு விதி, மேலே வருவதற்கு இன்னொரு விதி. இந்தச் சமச்சீரின்மையை மனசுல வெச்சுக்கோங்க. முழுக் கட்டுரையும் இதன் மேலதான் நிக்குது.

பொருளுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களும் ஸ்பிரிங்கில் மாட்டியது போலத்தான். ஒளியின் மின்புலம் அவற்றை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. சாதாரண வெளிச்சம் ரொம்ப லேசான லோடு. சேலத்துச் சித்திரை வெயிலாகவே இருந்தாலும் அதன் மின்புலம் மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வோல்ட்தான். அணுவுக்குள் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் புலமோ மீட்டருக்கு 10,000 கோடி வோல்ட்டுக்கும் மேல். அதனால்தான் லேசர் வரும்வரை இந்த வளைவை யாராலும் பார்க்க முடியவில்லை.

கணக்கு இவ்வளவுதான். எலக்ட்ரான் விலகல் என்பது, ஒரு எண் பெருக்கல் புலம், கூட்டல் இன்னொரு எண் பெருக்கல் புலத்தின் வர்க்கம், கூட்டல் மூன்றாவது எண் பெருக்கல் புலத்தின் கனம் என்று போய்க்கொண்டே இருக்கும். புலம் ஒரு கொசைன் அலை. கொசைனின் வர்க்கத்தை பிளஸ் ஒன்ல விரிச்சிருக்கோம்: பாதி மாறிலி, பாதி இரட்டை அதிர்வெண் கொசைன். அந்த இரட்டை அதிர்வெண்தான் பச்சை! ஈசிஇ மக்களுக்கு இது புதுசே இல்லை. ஆம்ப்ளிஃபயரில் சிக்னல் ஒரு பக்கம் மட்டும் கிளிப் ஆனால் இரண்டாவது ஹார்மோனிக் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிளிப் ஆனால் அது வராது, மூன்றாவதுதான் வரும். அதேதான் இங்கேயும்.

ஏன் வராது? படிகத்துக்கு நடுப்புள்ளிச் சமச்சீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதாவது, ஒரு புள்ளி வழியாக எல்லா அணுக்களையும் எதிர்ப்பக்கம் மாற்றி வைத்தாலும் படிகம் அப்படியே இருக்கும். அப்போது புலத்தின் திசையைத் திருப்பினால் விலகலும் அப்படியே திரும்ப வேண்டும். ஆனால் மைனஸை வர்க்கம் பண்ணினால் பிளஸ்தான். வர்க்க உறுப்பு திரும்பாது. இரண்டும் ஒத்துப்போக ஒரே வழி, அந்த இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சமச்சீர் இருந்தால் பச்சை இல்லை. இது கணிதம். எவ்வளவு விலையுயர்ந்த லேசரை வாங்கினாலும் மாறாது.

கொடுப்பவரும் வாங்குபவரும்

சமச்சீர் இல்லாத ஸ்பிரிங்கை ஒரு மூலக்கூறுக்குள் எப்படிச் செய்வது? இங்கேதான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி உள்ளே வருது.

அக்கா எடுத்த பாரா நைட்ரோஅனிலினையே பார்ப்போம். நடுவில் பென்சீன் வளையம். ஒரு முனையில் அமினோ தொகுதி. இதுக்கு எலக்ட்ரானைக் கொடுக்கிற குணம், அதனால் டோனர். எதிர் முனையில் நைட்ரோ தொகுதி; இதுக்கு இழுக்கிற குணம், அதனால் அக்செப்டர். நடுவிலிருக்கும் வளையத்தின் பை எலக்ட்ரான்கள் பாலம் மாதிரி. புலம் அக்செப்டர் பக்கம் தள்ளினால் எலக்ட்ரான் மேகம் சுலபமாக ஓடும்; டோனர் பக்கம் தள்ளினால் முரண்டு பிடிக்கும். ஹெல்ப்பர் ஸ்பிரிங் கதைதான்.

இப்படி ஒளி பட்டதும் எலக்ட்ரான் அடர்த்தி டோனரிலிருந்து அக்செப்டருக்கு இடம் மாறுவதைத்தான் சார்ஜ் டிரான்ஸ்ஃபர் என்கிறோம். அதுக்குத் தேவையான ஆற்றல் ஊதா, நீல ஒளியின் பக்கம் விழுவதால் மூலக்கூறு அதை விழுங்கிக்கொள்கிறது. மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அக்காவின் படிகத்தின் மஞ்சள் வந்தது இப்படித்தான்.

மூலக்கூறின் இந்த வலிமை எதைப் பொறுத்தது? 1977-ல் ஊடார், செம்லா என்ற இருவர் எளிமையான ஒரு மாடல் கொடுத்தார்கள். இரண்டே ஆற்றல் நிலைகளை வைத்து மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும் என்றார்கள். ஒன்று, எலக்ட்ரான் மாறுவதற்கு முன்னும் பின்னும் இருமுனைத் திருப்புத்திறன் எவ்வளவு வித்தியாசப்படுகிறது. இரண்டு, அந்த மாற்றத்தை ஒளி எவ்வளவு வலுவாகத் தூண்டுகிறது. மூன்று, இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஆற்றல் இடைவெளி எவ்வளவு குறைவு. டோனரும் அக்செப்டரும் வலுவாக, பாலம் நீளமாக இருந்தால் மூன்றுமே சாதகமாகும்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. இடைவெளி குறையக் குறைய மூலக்கூறு மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். சிவப்பான படிகம் பச்சை ஒளியை விழுங்கிவிடும். தானே உண்டாக்கிய பச்சையைத் தானே சாப்பிட்டுவிட்டால் நமக்கு என்ன லாபம்? அதனால் வலிமையும் ஒளி ஊடுருவலும் எப்பவும் ஒரு பேரம்தான்.

இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவே

டோனரும் அக்செப்டரும் ஒரே மூலக்கூறில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தனித்தனி மூலக்கூறுகளாக அடுத்தடுத்து அடுக்கப்பட்டும் இருக்கலாம். அவற்றுக்கு இடையே எலக்ட்ரான் பகிரப்படும்போது, இரண்டிடமும் தனியாக இல்லாத ஒரு புது நிறம் பிறக்கும். அயோடின் இதற்கு நல்ல சாட்சி. ஹெக்ஸேனில் கரைத்தால் ஊதா நிறம்; ஆல்கஹாலில் கரைத்தால் பழுப்பு. ஆல்கஹாலின் ஆக்சிஜன் கொஞ்சம் எலக்ட்ரானை அயோடினுக்குக் கொடுப்பதால் வரும் மாற்றம் அது. இந்த வகைக் கூட்டணிகளுக்கு 1950-களில் கோட்பாடு எழுதியவர் ராபர்ட் முல்லிக்கன். வேதிப் பிணைப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றவர்.

ஆத்தூர், சேலம் பக்கம் சேகோ ஆலைகளைப் பார்த்தவங்களுக்கு இன்னொரு உதாரணம். ஜவ்வரிசி மேல் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டால் கருநீலமாகும். பத்தாம் வகுப்பு லேப்ல செஞ்சிருப்போம். மாவுச்சத்துச் சுருளுக்குள் அயோடின் அணுக்கள் வரிசையாக உட்கார்ந்து, எலக்ட்ரான்களைப் புது விதமாகப் பகிர்வதால் வரும் நிறம்.

ஆக, புது நிறம் பிறந்தால் புதுக் கூட்டணி ஒன்று உருவானதற்கு ஒரு துப்பு கிடைச்சிருக்கு. துப்புதான்; தீர்ப்பு இல்லை. டோனரோ அக்செப்டரோ முன்னாடியே நிறத்தோடு இருந்தால் அந்தத் துப்பும் இல்லை.

தலைமாடு, கால்மாடு

இப்போ முக்கியமான இடம். மூலக்கூறு எவ்வளவு வலிமையாக இருந்தாலும், படிகத்துக்குள் அது எப்படி அடுக்கப்படுகிறது என்பதுதான் முடிவு செய்யும்.

கல்யாண வீட்டில் ஒரே ஹாலில் நாற்பது பேர் படுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வோம்? ஒருத்தர் தலைமாடு, அடுத்தவர் கால்மாடு என்று மாற்றி மாற்றிப் படுப்போம். இடம் மிச்சமாகும். மூலக்கூறுகளும் அதையே செய்கின்றன. பாரா நைட்ரோஅனிலினின் ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ். திருப்புத்திறன் ஏறக்குறைய 6 டிபை. பக்கத்துப் பக்கத்தில் படுத்தால் ஒன்றின் பிளஸ் இன்னொன்றின் மைனஸுக்கு நேராக வருவதுதான் அவற்றுக்குச் சௌகரியம். விளைவு, நடுப்புள்ளிச் சமச்சீர். ஒரு மூலக்கூறு உண்டாக்கும் பச்சையை எதிர்த்திசையில் கிடக்கும் பக்கத்து மூலக்கூறு அடித்துவிடுகிறது. பாரா நைட்ரோஅனிலின் மூலக்கூறு சூரன். அதன் படிகம் எஸ்எச்ஜியில் பூஜ்யம்!

இந்தப் பழக்கத்தை உடைக்க உலகம் முழுக்க பல தந்திரங்களை முயன்றிருக்கிறார்கள். நாலு மட்டும் சொல்றேன்.

முதலாவது, ஓரத்தில் ஒரு முண்டு வைப்பது. பாரா நைட்ரோஅனிலினின் வளையத்தில் கூடுதலாக ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் 2-மெத்தில்-4-நைட்ரோஅனிலின். அந்தச் சின்ன மெத்தில் இடிப்பதால் அடுக்கு மாறி, எல்லாம் ஏறக்குறைய ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்கின்றன. 1979-ல் பெல் லேப்ஸ் குழு ஒன்று இந்தப் படிகத்தின் எஸ்எச்ஜி திறன் அசாதாரணமாகப் பெரியது என்று காட்டியது.

இரண்டாவது, கைராலிட்டி. இடது கையும் வலது கையும் போல, கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத மூலக்கூறுகள். ஒரு கையாக மட்டும் உள்ள மூலக்கூறுகளிலிருந்து வளரும் படிகத்துக்கு நடுப்புள்ளிச் சமச்சீர் வரவே முடியாது. புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலம் இந்த வகை. அமினோ அமிலங்களும் அப்படித்தான். கிளைசின் மட்டும் விதிவிலக்கு. நம்ம ஊர் லேப்களில் இத்தனை பேர் அமினோ அமிலத்தையும் டார்டாரிக் அமிலத்தையும் எடுப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, உப்பாக்குவது. டோனர்-அக்செப்டர் மூலக்கூறை ஒரு நேர் அயனியாக்கி, பொருத்தமான ஒரு எதிர் அயனியோடு சேர்ப்பது. அயனிகளுக்கு இடையேயான இழுப்பு, தலைமாடு-கால்மாடு பழக்கத்தை மீறிவிடும். 1989-ல் மார்டர், பெரி, ஷேஃபர் மூவரும் வெளியிட்ட டாஸ்ட் என்ற படிகம் இதற்குப் பேர்போனது. தூள் சோதனையில் யூரியாவைவிட ஏறக்குறைய 1000 மடங்கு. ஆனால் அந்த அளவீட்டுக்கு அவர்கள் எடுத்தது 1064 இல்லை, 1907 நானோமீட்டர். டாஸ்ட் அடர் சிவப்பு; 532-ஐ அது விழுங்கிவிடும். முன்னாடி சொன்ன பேரம் ஞாபகம் வருதா? இன்று டெராஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்க டாஸ்ட் பயன்படுகிறது.

நான்காவது, படிகமே வேண்டாம் என்று விட்டுவிடுவது. மூலக்கூறுகளைப் பாலிமரில் கலந்து, சூடாக்கி, வலுவான மின்புலத்தில் ஒரே பக்கம் திருப்பி, அப்படியே குளிரவைப்பது. ஃபைபர் இன்டர்நெட்டில் மின் சிக்னலை ஒளியில் ஏற்றும் மாடுலேட்டர்களுக்காக இந்த வழியில் ஆராய்ச்சி நடக்கிறது. ஈசிஇக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில்.

பீக்கரும் பொறுமையும்

தமிழ்நாட்டில் படிகம் வளர்ப்பதற்கு ஒரு நீண்ட மரபு இருக்கு. அண்ணா பல்கலைக்கழகத்தில் கிரிஸ்டல் குரோத் சென்டர் 1982-ல் தொடங்கியது. அதோடு நெருக்கமாகப் பேசப்படும் பெயர் பேராசிரியர் பி. ராமசாமி; பின்னாளில் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரியிலும் படிக ஆராய்ச்சியை நடத்தியவர். 2005-ல் அவரும் கே. சங்கரநாராயணனும் சேர்ந்து வெளியிட்ட முறைக்கு இருவர் பெயராலும் எஸ்ஆர் முறை என்றே பெயர். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு விதைப் படிகத்தை நமக்கு வேண்டிய திசையில் வைத்து, மேலே கரைசலை ஊற்றி, மேல்பகுதியை மட்டும் லேசாகச் சூடாக்கினால், கரைப்பான் ஆவியாக ஆவியாக படிகம் கீழிருந்து மேலாக அந்த ஒரே திசையில் வளரும். முதலில் வளர்த்துக் காட்டியது பென்சோஃபீனோன் என்ற ஆர்கானிக் படிகத்தை.

சேலத்தில் 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிக்கிற பலருக்கும் கிரிஸ்டல் குரோத் கைக்கெட்டும் ஆராய்ச்சி. காரணம் எளிமையானது: கோடி ரூபாய் கருவி வேண்டாம். ஒரு பீக்கர், காந்தக் கிளறி, ஃபில்டர் பேப்பர், ஊசியால் துளை போட்ட பிளாஸ்டிக் மூடி, மூன்று வாரப் பொறுமை. நம்ம முதலாண்டு இன்ஜினியரிங் பிசிக்ஸில் கிரிஸ்டல் பிசிக்ஸ் யூனிட்டில் ஐந்து வரியில் படிச்சிட்டு விட்ட 'ஸ்லோ எவாப்பரேஷன்' இதுதான்.

கேட்க சுலபம். செய்யும்போது தெரியும். மத்தியானம் லேப் கொதிக்கும், ராத்திரி குளிரும். வெப்பநிலை ஏறி இறங்கினால் வளர்ந்த படிகம் பாதி கரைந்து மறுபடி வளர்ந்து கோணலாகும். அக்காவோட காலேஜ் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கு. லோடு லாரி போகும்போதெல்லாம் மேசை லேசா அதிரும். அதிர்ந்தால் ஒரு பெரிய படிகத்துக்குப் பதில் ஐம்பது பொடிப் படிகங்கள் விழும். பீக்கரை மணல் தட்டில் வைத்து, அந்த அறைக்கு யாரையும் விடாமல் பார்த்துக்கிட்டாங்களாம்.

எங்கே சறுக்குது?

எளிமையான முறை என்பதால் புதுப் படிகம் என்று வரும் கட்டுரைகளும் அதிகம். அதில் எல்லாமே புதுசா? 2010-ல் ஃபிளெக், பெட்ரோசியன் என்ற இருவர் அமினோ அமில உப்புகளை எடுத்துக்கொண்டு, புதியவை என்று வெளியான பல படிகங்கள் உண்மையில் புதியவை அல்ல என்று ஒரு கட்டுரையில் காட்டினார்கள். கோவா பல்கலைக்கழகத்தின் பி. ஆர். சீனிவாசனும் இப்படிப்பட்ட கட்டுரைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து மறுப்பு எழுதியிருக்கிறார்.

எப்படித் தப்பு நடக்குதுன்னு கிளைசினை வைத்துப் பார்க்கலாம். வெறும் தண்ணீரில் கரைத்து வளர்த்தால் பொதுவாக ஆல்ஃபா கிளைசின் வரும். அதுக்கு நடுப்புள்ளிச் சமச்சீர் உண்டு, பச்சை வராது. அதே கரைசலில் சாப்பாட்டு உப்பைச் சேர்த்தால் காமா கிளைசின் வரும். அதுக்குச் சமச்சீர் கிடையாது, பச்சை வரும்! இதைப் பார்ப்பவர் 'கிளைசினும் உப்பும் சேர்ந்து புதுச் சேர்மம் ஆகிவிட்டது, பச்சையும் வருகிறது' என்று நினைக்க எல்லா வாய்ப்பும் இருக்கு. உண்மையில் படிகத்துக்குள் உப்பு இல்லை. அதே கிளைசின், வேறு மாதிரி படுத்திருக்கு. அவ்வளவுதான்.

சோதனையிலும் சறுக்கலாம். எஸ்எச்ஜிக்கு எல்லாரும் செய்வது 1968-ல் கர்ட்ஸ், பெரி கொடுத்த தூள் முறை. படிகத்தைத் தூளாக்கி, 1064 நானோமீட்டர் லேசர் பல்ஸை அடித்து, வரும் பச்சையை யூரியா அல்லது கேடிபி என்ற பொட்டாசியம் உப்பின் தூளோடு ஒப்பிடுவது. (பாயின்ட்டரில் இருப்பதும் தமிழில் கேடிபிதான், அது டைட்டானியம் கலந்த வேறு படிகம். குழப்பிக்காதீங்க.) தூளின் துகள் அளவு மாறினாலே வெளிச்சம் மாறும், அதனால் இரண்டையும் ஒரே அளவில் சலித்திருக்க வேண்டும். சார்ஜ் டிரான்ஸ்ஃபர் பொருள்களில் இன்னொரு பொறியும் உண்டு. சில பொருள்கள் இரண்டு ஃபோட்டான்களை விழுங்கி ஃபுளோரசென்ஸாகவும் ஒளிரும். அதுவும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் அது அகலமான நிறப்பட்டை. எஸ்எச்ஜி சரியாக 532-ல் மட்டும் மெல்லிய கோடு. மோனோகுரோமேட்டர் வழியாகப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சமச்சீர் உள்ள படிகம் கிடைத்தால் வாழ்க்கை முடிஞ்சுதா? இல்லை. மூன்றாவது எண்ணுக்குச் சமச்சீர் தடை கிடையாது. அதை அளக்க இசட் ஸ்கேன் என்ற முறை இருக்கு. லென்ஸின் குவியத்துக்கு முன்னும் பின்னும் மாதிரியை நகர்த்தி, வெளியே வரும் ஒளி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. ஆனால் தொடர்ச்சியாக எரியும் லேசரை வைத்து அளந்தால், வண்ணமான கரைசல் சூடாகித் தானே லென்ஸ் போல நடந்துகொள்ளும். அப்போது வரும் பெரிய எண் பெரும்பாலும் வெப்பத்துடையது, எலக்ட்ரானுடையது அல்ல. எந்த லேசர், எவ்வளவு நேரப் பல்ஸ் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடாதீங்க.

அக்காவின் படிகம்

மார்ச்ல ரிப்போர்ட் வந்துச்சு. எஸ்எச்ஜி: பச்சை இல்லை. சிங்கிள் கிரிஸ்டல் எக்ஸ்ஆர்டி: செல் அளவுகள் ஏற்கெனவே வெளியான பாரா நைட்ரோஅனிலினோடு அப்படியே பொருந்துது. டார்டாரிக் அமிலம் உள்ளேயே வரல. மூன்று வாரம் காவல் காத்து அக்கா வளர்த்தது, பாட்டிலில் இருந்து எடுத்துப் போட்ட அதே பொருளை!

யோசிச்சுப் பார்த்தா காரணம் அழகா இருக்கு. உப்பு உருவாகணும்னா அமிலத்தின் புரோட்டான் அமினோ தொகுதியில் ஒட்டணும். அதுக்கு அமினோவிடம் ஓர் எலக்ட்ரான் ஜோடி சும்மா இருக்கணும். ஆனா நைட்ரோ அந்த ஜோடியைத்தான் வளையம் வழியா இழுத்து வெச்சிருக்கு. எந்தச் சார்ஜ் டிரான்ஸ்ஃபருக்காக அக்கா இந்த மூலக்கூறைத் தேர்ந்தெடுத்தாங்களோ, அதே சார்ஜ் டிரான்ஸ்ஃபர்தான் அதை மிகப் பலவீனமான பேஸ் ஆக்கி வெச்சிருக்கு. டார்டாரிக் அமிலம் கொடுக்கிற புரோட்டானை அது வாங்கவே இல்லை. கரைசலில் கரையும் திறன் குறைவானது எதுவோ அது முதலில் படிகமாகி விழுந்தது.

அன்னைக்கு போன்ல அக்கா குரல் உடைஞ்சிருந்துச்சு. "பேசாம மஞ்சளா இருக்குன்னு எழுதி, யூவி கிராஃப் ஒட்டி, புதுசுன்னு கொடுத்திடலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சுடா. யாரு பார்க்கப் போறா?" அப்புறம் அவங்களே சொன்னாங்க: "அடுத்த வருஷம் என் ஜூனியர் இதைப் படிச்சிட்டு இதே பீக்கர்ல உட்காருவா." ரிப்போர்ட்டின் தலைப்பை மாற்றினாங்க. உப்பு ஏன் உருவாகவில்லை என்பதையே ஒரு அத்தியாயமா எழுதினாங்க. வைவாவில் அதிகக் கேள்வி வந்தது அந்த அத்தியாயத்திலிருந்துதான். பேப்பர் வரல. டிகிரி வரும்.

உங்களில் யாராவது இந்தப் பக்கம் புராஜெக்ட் எடுத்தா, அக்கா சொல்லச் சொன்னது இது.

1. கலப்பதற்கு முன் கேளுங்க: யார் டோனர், யார் அக்செப்டர், புரோட்டான் உண்மையிலேயே மாறுமா? கரையும் திறனில் ரொம்ப வித்தியாசம் இருக்கா?

2. முதலில் செய்ய வேண்டியது எக்ஸ்ஆர்டி. அமைப்பு தெரியாமல் மற்ற எந்த கிராஃபுக்கும் அர்த்தம் இல்லை. கிடைத்த செல் அளவுகளை, போட்ட ஒவ்வொரு மூலப்பொருளின் செல் அளவோடும் ஒப்பிடுங்க.

3. நடுப்புள்ளிச் சமச்சீர் இருந்தால் எஸ்எச்ஜிக்கு அனுப்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.

4. அனுப்பினால், புதுத் தூளோடு மூலப்பொருள்களின் தூளையும் தனித்தனியா அனுப்புங்க. பச்சை யாரிடமிருந்து வருதுன்னு அப்போதான் தெரியும்.

5. லேசரின் சக்தியை இரண்டு மடங்காக்கினால் எஸ்எச்ஜி நாலு மடங்காகணும். ஆகலன்னா சந்தேகப்படுங்க.

6. பாதுகாப்பு. 1064 கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணைப் போக்கிடும். அதுக்குரிய கண்ணாடி இல்லாம பக்கத்துல போகாதீங்க. நைட்ரோஅனிலின் தோல் வழியாவே உடம்புக்குள்ள போகிற விஷம், கையுறை கட்டாயம். பிக்ரிக் அமிலத்தில் அழகான மஞ்சள் படிகங்கள் வரும்னு படிப்பீங்க. காய்ந்தால் அது வெடிக்கும். அனுபவம் உள்ளவங்க கூட இல்லாம தொடாதீங்க.

அந்தக் குட்டி பாட்டில் இப்போ என் ஹாஸ்டல் டேபிள் மேல இருக்கு, மூடி இறுக்கமா டேப் சுத்தி. செமினாருக்குப் பச்சை பாயின்ட்டரை எடுக்கும்போதெல்லாம் கண்ணு அது மேல போகும். நாலு மஞ்சள் படிகம், உள்ளே எல்லாம் தலைமாடு கால்மாடாப் படுத்திருக்கு.

சந்தேகம் இருந்தா ஈசிஇ பிளாக் பக்கம் வாங்க, டீ குடிச்சிட்டே பேசலாம்.